தெரிந்தால் தளம்... தெரியாவிட்டால் தரகர்!

வில்லங்கம் முதல் விமானம் வரை: குறித்துவைக்க வேண்டிய இணைய முகவரிகள்

2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. ஆயுத பூஜை. திருச்சி அருகே மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளில் அன்று மெஷின் ஓடவில்லை. அவியல் தொட்டி, பாலிஷ் மெஷின், எடைமேடை என எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. வாசலில் உடைத்த பூசணிக்காய். பொரி, கடலைப் பொட்டலங்கள் கைமாறிக்கொண்டிருந்த சாயங்கால நேரத்தில், செல்போன்கள் ஒவ்வொன்றாகச் சிணுங்க ஆரம்பித்தன.

திருச்சியிலிருந்து 5.40 மணிக்கு ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. உள்ளே 140-க்கும் மேற்பட்டவர்கள். எரிபொருளைத் தீர்த்துவிட்டுத்தான் இறங்க முடியும் என்பதால், அன்னவாசல், கீரனூர், விராலிமலை பக்கம் அது வானத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தது. வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெரு திருச்சி மாவட்டத்தில் குறைவு. அதனால் மாவட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

அந்த இரண்டரை மணி நேரமும் டிவியிலும் வாட்ஸ்அப்பிலும் ஓடியது ஒரே படம்தான். வரைபடத்தின் மேல் சின்ன மஞ்சள் விமானம். அதன் வாலிலிருந்து நூல் சுற்றியதுபோல வளையம் வளையமாக ஒரு கோடு. இரவு 8 மணிக்குச் சற்றுப் பிறகு விமானம் பத்திரமாகத் தரையிறங்க, கோடும் நின்றது.

அந்தப் படத்தைக் கொடுத்தது 'ஃபிளைட்ரேடார்24' என்ற இணையதளம். 2006-ல் ஸ்வீடனில் விமானப் பிரியர்கள் இருவர் பொழுதுபோக்காகத் தொடங்கியது. விமானங்கள் தாம் இருக்கும் இடம், உயரம், வேகம் ஆகியவற்றை ரேடியோ சிக்னலாக ஒலிபரப்பிக்கொண்டே பறக்கின்றன. உலகெங்கும் ஆர்வலர்கள் மொட்டைமாடியில் வைத்திருக்கும் சின்ன ரிசீவர்கள் அதைப் பிடித்து அனுப்ப, தளம் வரைபடமாக்கித் தருகிறது. ரகசியம் எதுவும் இல்லை, காசும் இல்லை. 18 வருடமாக அது அங்கேயேதான் இருந்தது. நம் ஊரில் பலருக்கு அதன் பெயர் தெரிய ஓர் ஆபத்து தேவைப்பட்டது.

இணையத்தில் நாம் மணிக்கணக்கில் இருக்கிறோம். ஆனால், புழங்குவதோ நாலைந்து ஆப்களுக்குள். ரீல்ஸ் எதைத் தள்ளிவிடுகிறதோ அதைப் பார்க்கிறோம். விளம்பரம் செய்யக் காசில்லாத, செய்யத் தேவையும் இல்லாத நல்ல தளங்கள் கண்ணில் படுவதில்லை. தெரியாத ஒவ்வொரு முகவரிக்கும் நடுவில் ஒரு தரகர் வந்து உட்காருகிறார்.

களத்து மேஸ்திரியின் ரேடார்

மண்ணச்சநல்லூர் என்றால் பொன்னி அரிசி. இயந்திர டிரையர்கள் வந்துவிட்டாலும், அவித்த நெல்லை வெயிலில் பரப்பிக் காயவைக்கும் களங்கள் இன்னும் இருக்கின்றன. காயும் நெல்லின் மேல் அரைமணி நேர மழை விழுந்தால் போச்சு: நிறம் மாறும், வாடை வரும், விலை இறங்கும். ஆகவே களத்தில் பெரிய முடிவு, 'எப்போது அள்ளிக் குவித்துத் தார்பாய் போடுவது' என்பதுதான். முன்னே அது மேஸ்திரியின் கண்ணையும் மூக்கையும் நம்பி நடந்தது.

இப்போது அதற்குத் துணையாக இரண்டு முகவரிகள் உண்டு. ஒன்று, இந்திய வானிலை ஆய்வுத் துறையின் 'மௌசம்' தளம். அதில் காரைக்கால் டாப்ளர் ரேடாரின் படம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். நாளைக்கு மழை வருமா என்பதை அது சொல்லாது. இந்த நிமிடம் மழை எங்கே பெய்கிறது, எந்தத் திசையில் நகர்கிறது என்பதைக் காட்டும். அடுத்தடுத்து நாலு படங்களைப் பார்த்தாலே, தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கும் சிவப்புத் திட்டு நம் பக்கம் வருகிறதா, தெற்கே ஒதுங்குகிறதா என்று பிடிபட்டுவிடும். இன்னொன்று, செக் நாட்டிலிருந்து இயங்கும் 'விண்டி'. காற்று போகும் பாதையைக் கோடு கோடாக ஓடவிட்டுக் காட்டும். பல வானிலை மாதிரிகளின் கணிப்பை அருகருகே வைத்துப் பார்க்கலாம். அவை ஒத்துப்போனால் நம்பலாம். ஆளுக்கொன்று சொன்னால் தார்பாயைக் கையோடு வைத்துக்கொள்ளலாம்.

ஆற்றுக்கும் தளம் உண்டு. காவிரியில் முசிறியில் மத்திய நீர் ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது. ஆணையத்தின் வெள்ள முன்னறிவிப்புத் தளத்தில் நீர்மட்டத்தைப் பார்க்கலாம். முக்கொம்பு மேலணையில் 2018 ஆகஸ்ட் 22 இரவு கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகள் உடைந்து போனதைப் பார்த்த ஊர் இது. 'மேட்டூர்ல எவ்வளவு திறந்திருக்கான்?' என்ற கேள்விக்கு வாட்ஸ்அப் வதந்தியைவிட நல்ல பதில் அங்கே கிடைக்கும்.

விலைக்கு 'அக்மார்க்நெட்'. நாட்டிலுள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களின் வரத்தும் விலையும் அதில் பதிவாகின்றன. பயிர் ரகங்களுக்கும் பூச்சி நோய்க்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் 'அக்ரிடெக்' தளம், தமிழிலேயே. திருச்சியின் களர், உவர் நிலங்களுக்காக நாவலூர் குட்டப்பட்டு வேளாண் கல்லூரியில் உருவான 'திருச்சி' வரிசை நெல் ரகங்களைப் பற்றியும் அதில் படிக்கலாம். வியாபாரி விலை சொல்லும் முன்பே விவசாயிக்கு ஓர் எண் தெரிந்திருந்தால், பேரம் அந்த எண்ணிலிருந்து தொடங்கும். தெரியாவிட்டால் வியாபாரி சொன்னதுதான் விலை.

வயலா, மனையா, குளமா?

திருச்சி–சென்னை சாலையில் 'சமயபுரத்துக்கு மிக அருகில்' என்று மனை விற்கும் பலகைகளுக்குப் பஞ்சமில்லை. வாழ்நாள் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொட்டும் முன் நாம் செய்வதென்ன? புரோக்கர் காட்டும் ஜெராக்ஸ் தாளைப் பார்க்கிறோம். ஆனால், அந்தத் தாளில் உள்ள எல்லாவற்றையும் ஒரு சாயங்காலத்தில் நாமே சரிபார்த்துவிடலாம்.

தமிழ்நாடு அரசின் நிலப்பதிவு இணைய சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் பட்டா யார் பேரில் என்று தெரியும். 'அ' பதிவேட்டைத் திறந்தால் அந்த எண் நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்று தெரியும். புலப்பட வரைபடத்தில் மனையின் ஒவ்வொரு பக்கமும் எத்தனை மீட்டர் என்று இருக்கும். பதிவுத் துறையின் 'டிஎன்ரெஜிநெட்' தளத்தில் வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். பெரும்பாலான சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975 முதல் கிடைக்கிறது. அரசின் வழிகாட்டி மதிப்பும் அங்கேயே.

அடுத்த படி பலருக்குத் தெரியாதது. கணினியில் 'கூகுள் எர்த் ப்ரோ'வை இறக்கிக்கொண்டு அந்த மனை மேல் நின்று, மேலே உள்ள கடிகாரச் சின்னத்தை அழுத்துங்கள். அதே இடத்தின் பழைய செயற்கைக்கோள் படங்கள் வருடவாரியாக வரும். இப்போது கம்பிவேலி போட்டுச் செம்மண் கொட்டியிருக்கும் இடம், பத்து வருடம் முன் ஐப்பசி மாதத்தில் தண்ணீர் தளும்ப நின்றதா என்று பார்த்துவிடலாம். நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் தனிச் சட்டமே வந்துவிட்ட மாநிலம் இது. நாளைக்கு புல்டோசர் வந்து நிற்கும்போது, மனை விற்றவரின் போன் சுவிட்ச் ஆஃப் ஆகியிருக்கும்.

தளங்களுக்கும் எல்லை உண்டு. பதிவு செய்யாத ஒப்பந்தமும் வாரிசுச் சண்டையும் வில்லங்கத்தில் வராது. 1975-க்கு முந்தையதைக் கையால்தான் தேட வேண்டும். எனவே வழக்கறிஞரிடம் கருத்து வாங்கத்தான் வேண்டும். ஆனால், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்து கேள்வி கேட்கும் கட்சிக்காரரிடம் எவரும் கதை விட முடியாது.

*பெட்டிச் செய்தி: அட்வான்ஸ் கொடுக்கும் முன்*

• பட்டா – விற்பவர் பெயரும் பட்டாவில் உள்ள பெயரும் ஒன்றா?
• 'அ' பதிவேடு – நிலத்தின் வகைப்பாடு என்ன?
• புலப்படம் – அளவும் எல்லையும் தரையில் காட்டியதோடு பொருந்துகிறதா?
• வில்லங்கம் – அடமானம் இருக்கிறதா, தீர்க்கப்பட்டுவிட்டதா?
• பழைய செயற்கைக்கோள் படம் – தண்ணீர் நின்ற இடமா?
• இ-கோர்ட்ஸ் தளம் – விற்பவர் பெயரில் வழக்கு நிலுவையில் உள்ளதா?

அப்பா மறந்துபோன டெபாசிட்

பத்து வருடம் யாரும் தொடாத வங்கிக் கணக்கு, வைப்புத்தொகை ஆகியவற்றில் உள்ள பணம் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும். போனாலும் அது நம் பணம்தான். உரியவரோ வாரிசோ எப்போது வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். கேட்பதற்கு, எந்த வங்கியில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமே? முன்பு ஒவ்வொரு வங்கியின் தளத்திலும் தனித்தனியாகத் தேட வேண்டியிருந்தது. 2023 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கி 'உத்கம்' என்ற ஒரே தளத்தைத் திறந்தது. முதலில் ஏழு வங்கிகள், பிறகு முப்பது. உரிமை கோரப்படாத தொகையில் மதிப்பளவில் ஏறத்தாழ 90 சதவிகிதம் இந்த வலைக்குள் வந்துவிட்டது.

தமிழர்கள் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, இனிஷியல்தான். வங்கி அதை முன்னால் போட்டிருக்கலாம், பின்னால் போட்டிருக்கலாம், அப்பா பெயராக விரித்தும் எழுதியிருக்கலாம். 'சுப்பிரமணியன்' என்பதை ஆங்கிலத்தில் எழுத நாலைந்து வழி உண்டு. 1990-களின் குமாஸ்தா எந்த வழியில் எழுதினாரோ! ஆக, ஒருமுறை தேடி 'இல்லை' என்று வந்தால் விட்டுவிடாதீர்கள். இனிஷியலை இடம் மாற்றி, எழுத்தைக் கூட்டிக் குறைத்து, பிறந்த தேதியோ பான் எண்ணோ மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். பெயர் அகப்பட்டால், அடையாளச் சான்றும் வாரிசுச் சான்றும் எடுத்துக்கொண்டு வங்கிக் கிளைக்குப் போக வேண்டும். தளம் பணம் தராது, வழிதான் காட்டும். பழைய பங்குகள், டிவிடெண்டுகளுக்கு முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதி (ஐஇபிஎஃப்) ஆணையத்தின் தளம் தனியாக இருக்கிறது.

உங்கள் பேரில் எத்தனை சிம்?

2023 மே மாதம் மத்திய தொலைத்தொடர்புத் துறை தொடங்கிய 'சஞ்சார் சாத்தி' தளத்தில் உங்கள் செல்போன் எண்ணைப் போட்டால், உங்கள் பேரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று பட்டியல் வரும். நீங்கள் வாங்காத எண் இருந்தால் அங்கேயே 'என் எண் அல்ல' என்று புகார் செய்யலாம். எங்கோ கொடுத்த ஆதார் ஜெராக்ஸில் வாங்கிய சிம்மிலிருந்து மோசடி நடந்தால், போலீஸ் முதலில் தட்டுவது உங்கள் கதவைத்தான். போன் தொலைந்தாலும் இதே தளத்தில் அதன் ஐஎம்இஐ எண்ணை முடக்கலாம். சத்திரம் பேருந்து நிலையத்தில் பறிபோன போன், நாட்டுக்குள் எந்த சிம்முக்கும் வேலை செய்யாது.

ஆஸ்திரேலியரான டிராய் ஹன்ட் 2013-ல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' இன்னொரு காவல்காரர். மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால், எந்தெந்த நிறுவனத்தின் தகவல் திருட்டில் உங்கள் விவரம் வெளியேறியது என்று சொல்லும். 2020-ல் பிக்பாஸ்கெட்டிலிருந்து கசிந்த 2 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள் அதன் பட்டியலில் இருக்கின்றன. எல்லாத் தளத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பட்டியல் தூக்கத்தைக் கெடுக்கும். கெடட்டும், பாஸ்வேர்டை மாற்றுவார்கள்.

நல்ல தளம் எதுவானாலும் அதற்குப் போலி கிளம்பிவிடுகிறது. கோயில் அறை முன்பதிவு என்ற பெயரில் பணம் பறிக்கும் தளங்கள் மீது திருப்பதி தேவஸ்தானம் திரும்பத் திரும்பப் புகார் கொடுத்திருக்கிறது. கூகுளில் தேடினால் முதலில் நிற்பது பெரும்பாலும் விளம்பரம். காசு கொடுத்தவர் அங்கே நிற்கலாம். முகவரியைத் தேடிப் போவதைவிடக் குறித்துவைத்துக்கொள்வது பாதுகாப்பு என்பது இதனால்தான்.

*பெட்டிச் செய்தி: அசலா, போலியா?*

• அரசுத் தளத்தின் முகவரி பெரும்பாலும் 'ஜிஓவி டாட் இன்' அல்லது 'என்ஐசி டாட் இன்' என்று முடியும். அந்த எழுத்துகள் நடுவில் வந்து, கடைசியில் 'டாட் காம்' என்று முடிந்தால் ஓடிவிடுங்கள்.
• பூட்டுச் சின்னம் நாணயத்துக்குச் சான்று ஆகாது. போலித் தளமும் பூட்டு வாங்கலாம்.
• கஸ்டமர் கேர் எண்ணைத் தேடுபொறியில் எடுக்காதீர்கள். பாஸ்புக்கிலும் கார்டின் பின்பக்கத்திலும் இருக்கிறது.
• பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

கிணற்றைப் படிக்கலாம்

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்த சுஜாதா, கம்ப்யூட்டரையும் இணையத்தையும் பெருவாரித் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியவர். 'அம்பலம்' என்ற இணைய இதழின் ஆசிரியராகவும் இருந்தார். அவர் ஊர்க்காரர்கள் இணையத்தில் தங்கள் ஊரைத் தேடினால் என்ன கிடைக்கும்?

மண்ணச்சநல்லூரிலிருந்து துறையூர் சாலையில் போனால் திருவெள்ளறை. அங்கே நாலு பக்கமும் படிக்கட்டு இறங்கும் ஸ்வஸ்திகா வடிவக் கிணறு. ஒரு படிக்கட்டில் குளிப்பவரை இன்னொரு படிக்கட்டில் நிற்பவர் பார்க்க முடியாது. செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். பல்லவன் தந்திவர்மன் காலத்தில், ஏறக்குறைய 1,200 வருடம் முன்பு, கம்பன் அரையன் என்பவர் தோண்டிய கிணறு என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' தளத்தில் 'எபிகிராபியா இண்டிகா' தொகுதிகளைத் திறந்தால் கல்வெட்டுகளின் வாசகத்தை வீட்டிலிருந்தே படிக்கலாம். 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' வரிசையில் 24-ஆம் தொகுதி முழுக்க ஸ்ரீரங்கம் கோயிலுக்கே உரியது. எந்தக் கைடும் சொல்லாத நிலதானமும் வாய்க்கால் வழக்கும் அவற்றில் கிடக்கின்றன.

நூல்களுக்கு 'மதுரைத் திட்டம்'. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கியது. பல நாட்டுத் தன்னார்வலர்கள் சங்க இலக்கியம் முதலான நூல்களைக் கையால் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, இலவசமாக ஏற்றினார்கள். அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்களும் பழைய இதழ்களும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஸ்கேன் வடிவில் உள்ளன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகம் தேடும் வசதியோடு வைத்திருக்கிறது. ஈழத்து நூல்களுக்கும் பத்திரிகைகளுக்கும் 2005 முதல் 'நூலகம்'.

சும்மா ஒரு வேடிக்கை

எல்லாம் காரியமாகவே இருந்தால் எப்படி? 2016-ல் நெதர்லாந்தில் உருவான 'ரேடியோ கார்டன்' தளத்தில் ஒரு பூமி உருண்டை. மேலே பச்சைப் புள்ளிகள். ஒவ்வொன்றும் வானொலி நிலையம் உள்ள ஓர் ஊர். சுழற்றி எங்கு நிறுத்துகிறீர்களோ, அந்த ஊரில் இந்த நொடி ஓடும் பாட்டு உங்கள் வீட்டில் ஒலிக்கும். 1939-லேயே வானொலி நிலையம் வந்துவிட்ட திருச்சிக்காரர்களுக்கு இது பிடிக்காமல் போகாது.

கொரோனா ஊரடங்கு காலத்தில் சிங்கப்பூரில் வசித்த சோனாலி ரஞ்சித், வைஷ்ணவ் பாலசுப்ரமணியம் தம்பதி தொடங்கியது 'விண்டோஸ்வாப்'. உலகில் யாரோ ஒருவர் வீட்டு ஜன்னலிலிருந்து தெரியும் காட்சி, சத்தத்தோடு ஓடும். ஒரு பொத்தானை அழுத்தினால் அடுத்த ஜன்னல். நீல் அகர்வாலின் 'நீல் டாட் ஃபன்' தளத்தில் 'ஆழ்கடல்' என்ற பக்கத்தைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். விரலால் தள்ளத் தள்ள கடலுக்குள் இறங்கலாம். எந்த ஆழத்தில் எந்த உயிர் வாழ்கிறது என்று வந்துகொண்டே இருக்கும். கிட்டத்தட்ட 11,000 மீட்டர்வரை விரல் வலிக்கத் தள்ளிய பிள்ளைக்கு, கடலின் ஆழத்தைத் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

காணாமல் போகும் பக்கங்கள்

இவ்வளவையும் குறித்துவைத்துக்கொண்டால் மட்டும் போதாது. 2013-ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவிகிதம் 2023-ல் இல்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் கணக்குச் சொன்னது. 2009-ல் யாஹூ தன் 'ஜியோசிட்டீஸ்' சேவையை மூடியபோது லட்சக்கணக்கான தனிநபர் பக்கங்களுக்குப் பூட்டு விழுந்தது.

தமிழுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. யுனிகோடு பரவும் முன் ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வொரு எழுத்துருவில் தளம் நடத்தியது. டிஸ்கி, டாப், டாம் என்று தரங்களே பல. தமிழ்நாடு அரசு யுனிகோடை முறையாக ஏற்றதே 2010-ல்தான். அதற்கு முந்தைய பக்கங்கள் பிழைத்திருந்தாலும் திறந்தால் புரியாத குறிகளாக வரும். மாற்றி மென்பொருள் போட்டுத்தான் படிக்க முடியும். இணையத்தில் முந்திக்கொண்டு வந்த மொழி என்ற பெருமைக்கு நாம் கொடுத்த விலை அது.

தொலையும் பக்கங்களைக் காப்பாற்றுவது 'வேபேக் மெஷின்'. 1996-ல் புரூஸ்டர் கால் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவின் அங்கம். பழைய முகவரியைக் கொடுத்தால், அந்தப் பக்கம் அன்றைக்கு எப்படி இருந்தது என்று எடுத்துக் காட்டும். அரசு உத்தரவோ நிறுவனத்தின் வாக்குறுதியோ பிறகு நைசாக நீக்கப்பட்டால், சாட்சி அங்கே இருக்கும். அந்தக் காவலனுக்கே 2024 அக்டோபரில் அடி விழுந்தது: சைபர் தாக்குதலில் தளம் பல நாள் முடங்கியது, 3 கோடிக்கும் மேற்பட்ட பயனர்களின் விவரம் களவு போனது. நன்கொடையில் ஓடும் ஒரே அமைப்பிடம் உலகத்தின் ஞாபகத்தையெல்லாம் ஒப்படைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

ஒரே பிரதி என்றால் என்ன நடக்கும் என்பதை 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோதே தமிழர்கள் பார்த்துவிட்டார்கள். சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. 'நூலகம்' போன்ற முயற்சிகளை வெறும் இலவச மின்புத்தகக் கடையாகப் பார்க்கக் கூடாது என்று சொல்வது அதனால்தான். இவை விளம்பரத்தில் ஓடுவதில்லை. தட்டச்சு செய்பவர், பிழை பார்ப்பவர், சர்வர் வாடகைக்கு நூறு இருநூறு தருபவர் என்று சிலரால் ஓடுகின்றன.

அரசுத் தளங்களின் கதை வேறு. அங்கே காசு இருக்கிறது, கவனம்தான் போதாது. ஓடிபி வராமல் நிற்பது, முகவரி மாறியும் பழைய இணைப்பு அப்படியே கிடப்பது, ஆங்கிலத்தில் மட்டும் பிழைச் செய்தி வருவது – ஒவ்வொன்றும் ஒரு விவசாயியை மறுபடி தரகரிடம் அனுப்பிவைக்கும் வேலையைச் செய்கிறது. போன் இல்லாத, கண் மங்கிய மூத்தவர்களுக்குத் தளம் இருந்தும் இல்லாததுதான். ஊர்தோறும் உள்ள கிளை நூலகங்களில் இந்த முகவரிகளைப் பெரிய எழுத்தில் எழுதி மாட்டி, வாரத்தில் ஒரு நாள் உதவிக்கு ஒருவரை உட்காரவைக்கப் புதுத் திட்டம் எதுவும் தேவையில்லை. மனசு வைத்தால் போதும்.

நீங்கள் இன்றைக்கே செய்ய ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் மூத்தவரிடம் பழைய பாஸ்புக்குகளைக் கேட்டு வாங்கி, அவர் பெயரை உத்கமில் தேடுங்கள். அகப்பட்டால் பணம். அகப்படாவிட்டாலும், ஒரு தரகரின் வேலை உங்கள் கைக்கு வந்துவிட்டது.